சிங்காரம் வெளியே போயிருக்கார்

ஏங்கண்ணு, போனைப் பார்த்துப் பார்த்து நீயே சிரிச்சுக்கறயே, என்னன்னு சொன்னா நானும் சிரிப்பேனில்லே? எப்படியும் இந்தக் கடைக்காரத் தம்பி முடிச்சுக் கொடுக்க நேரமாகும். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கறது யாருது, அம்மா போனா? ஸ்கிரீன் உடைஞ்சு போச்சா. நான் கொண்டாந்தது எங்க வீட்டுக்காரரோடது. ஸ்பீக்கர் போச்சுங்கறார். ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு, போனது அவர் காது. அதை ஒத்துக்கிட்டா அவர் கிரீடம் இறங்கிப் போயிடும். அதனாலே போனுக்கு வைத்தியம் பார்க்க நான் வந்து உட்கார்ந்திருக்கேன்.

சரி, படி. சத்தமாப் படி.

ஓ, பழைய காலத்துப் போன்லே என்னென்ன தந்திரம் பண்ணினீங்கன்னு ஒருத்தர் கேட்டிருக்காரா. ஆளாளுக்கு எழுதறாங்களா. பரவாயில்லையே, இதுக்கெல்லாம் ஒரு இடம் வச்சிருக்காங்க. டயலுக்குப் பூட்டுப் போட்டிருந்தா, ரிசீவர் வைக்கிற இடத்துப் பொத்தானைத் தட்டித் தட்டியே நம்பர் போடறது. ஆமாமா. நாலுன்னா நாலு தட்டு, சைபருக்குப் பத்துத் தட்டு. இதென்ன பிரமாதம், எங்க தெருப் பசங்க அத்தனை பேரும் தட்டுவாங்க. அப்புறம்? ரூபாய்க் காசிலே நூலைக் கட்டிப் பெட்டிக்குள்ளே விட்டு, பேசி முடிச்சதும் இழுத்துக்கறதா? அது பொய். எழுதினவன் பண்ணியிருக்க மாட்டான், எவனோ சொல்லக் கேட்டிருப்பான். அடுத்தது? ரெண்டு ரிங் விட்டுக் கட் பண்ணினா ஊர் வந்து சேர்ந்தாச்சுன்னு அர்த்தம். சரி, அது எல்லா வீட்டிலேயும் நடந்ததுதான்.

பி.பி. காலைப் பத்தி யாராவது எழுதியிருக்காங்களா பாரு. இன்னும் கீழே தள்ளு. இல்லையா?

அப்போ நீ எழுது. நான் சொல்றேன், நீ எழுது. பேரும் போடு. அத்தாயி, திருச்செங்கோடு. போடு கண்ணு, பயந்துக்காதே. என்னைப் பத்தி இந்த ஊர் பேச வேண்டியதெல்லாம் பேசி முடிச்சாச்சு. என் வாயாலே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டவங்கதான் ஒருத்தரும் கிடையாது. எங்க வீட்டுக்காரர் பேரா? அதை நான் சொல்ல மாட்டேன். அந்தத் தம்பி ரசீதிலே எழுதியிருக்கும், பார்த்துக்கோ.

அவர் ரிக் வண்டியிலே டிரில்லரா இருந்தார். போர் போடற வண்டி. நம்ம ஊர் வண்டி போய் ஓட்டை போடாத சீமை உண்டா? பொங்கல் முடிஞ்சா வண்டி கிளம்பிடும். ஆந்திரா, நாக்பூர், அதையும் தாண்டி போபால், ராஜஸ்தான். அங்கே மழை விழுந்து, வண்டி சேத்திலே இறங்கற வரைக்கும் வேலை. அப்புறம்தான் வீட்டு ஞாபகம் வரும். அது வரைக்கும் இங்கே நானும், கைக்குழந்தையா என் பையனும். அவருக்குக் கடுதாசி எழுத வராது. எனக்கு வாசிக்க எழுத்துக்கூட்டணும். போன்தான் ஒரே வழி. ஆனா அன்னிக்கு ட்ரங்க் கால்னா லேசுப்பட்ட சமாசாரமா? புக் பண்ணிட்டு உட்கார்ந்திருக்கணும். கிடைச்சுப் பேசிட்டா, பேசினதுக்குக் கொடுக்கற காசிலே வீட்டுக்கு அரிசி வாங்கிப் போடலாம்.

அதிலே பி.பி.ன்னு ஒண்ணு உண்டு. இன்னாரைத்தான் கூப்பிடணும், வேற யாரும் வேண்டாம்னு பேரைச் சொல்லி புக் பண்றது. அந்த ஆள் அங்கே இருந்தாத்தான் பேச்சு, பேசினாத்தான் முழுக் காசு. ஆள் இல்லேன்னு சொல்லிட்டா ஏதோ சில்லறையோட போயிடும். இதை எங்க வீட்டுக்காரர் எங்கேயோ பிடிச்சுக்கிட்டு வந்தார். லாரிக்காரங்க எல்லாம் அப்படித்தான் பண்றாங்களாம்.

"சிங்காரம்னு ஒருத்தனைக் கேட்டு நான் கூப்பிடுவேன். நீ வந்து, இல்லேன்னு சொல்லு. அவ்வளவுதான் வேலை," ன்னார்.

"அப்புறம் எப்படிப் பேசறது?"

"எதுக்குப் பேசணும்? போன் வந்தா நான் உசுரோட இருக்கேன்னு உனக்குத் தெரிஞ்சு போச்சு. நீ இல்லேன்னு சொன்னா நீங்க உசுரோட இருக்கீங்கன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. இதுக்கு மேலே புருசன் பொண்டாட்டி பேசறதுக்கு என்ன இருக்கு?"

பாரு, அந்தக் காலத்திலேயே எவ்வளவு கெட்டி மூளை! சிங்காரம்னு ஏன் வச்சீங்கன்னு கேட்டேன். நம்ம சொந்தம் ஒறம்பரையிலே எவனுக்கும் அந்தப் பேர் இல்லே, குழப்பம் வராதுன்னார். வராதாமா.

போன் எங்க வீட்டிலே இல்லே. எங்க வீட்டுக்கு அடுத்த வீடு நூல்கடைக்காரர் வீடு, அவர் சம்சாரம் சௌந்தரம் அக்கா, அங்கேதான் இருந்தது. நல்ல மனுஷி. போன் வந்தா சுவர் மேலே எட்டிக் கூப்பிடுவா. ஒரே ஒரு வில்லங்கம், அக்காளோட தம்பி கனகு டெலிபோன் ஆபீஸிலேயே வேலையா இருந்தான். தெனம் மத்தியானம் அக்கா வீட்டிலேதான் சாப்பாடு. இப்படித் திருட்டுத்தனம் பண்றோம்னு அவன் காதுக்குப் போனா வம்பு. "என்ன ஆனாலும் தந்திரம் வெளியே போகக்கூடாது, உன்ற பையன் தலைமேலே சத்தியம்," னு வாங்கிக்கிட்டுத்தான் எங்க வீட்டுக்காரர் வண்டி ஏறினார்.

முதல் தடவை போன் வந்தப்போ ஓடிப்போய் எடுத்தேன். "நாக்பூர்லேர்ந்து பி.பி. கால். சிங்காரம் இருக்காரா?"ன்னு ஆபரேட்டரம்மா கேக்கறாங்க. இல்லீங்கன்னேன். "எங்கே போயிருக்கார்?" கோயிலுக்குப் போயிருக்காருங்கன்னேன். கோயில்னா எல்லாரும் சௌக்கியம். ஆஸ்பத்திரின்னா குழந்தைக்குச் சரியில்லே. சந்தைன்னா நீங்க கிளம்பி வாங்க. இதெல்லாம் முன்னாடியே பேசி வச்சது. லைன் திறந்தே இருக்குமா, நான் சொல்றது அந்தக் கோடியிலே அவருக்கும் கேக்கும். பேசத்தான் கூடாது. கேட்டுதுன்னு காட்டறதுக்கு ஒரு இருமல் இருமுவார். அந்த இருமலைக் கேட்டுட்டு வைப்பேன். அத்தனை தூரத்துக்குக் கேக்கணும்னா சும்மா சொன்னாப் போதுமா? கத்தணும். "சிங்காரம் கோயிலுக்குப் போயிருக்காருங்க!" ன்னு நான் கத்தறது தெருமுனைத் தறிப்பட்டறை வரைக்கும் கேக்கும்.

ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து நான் ஒரு ஆம்பளை பேரை வாய் திறந்து சொன்னதில்லே. மாமனார் பேரைச் சொல்லக்கூடாது, கொழுந்தன் பேரைச் சொல்லக்கூடாது, புருசன் பேரைச் சொல்லவே கூடாது. ரேசன் கடையிலே கேட்டாக்கூடப் பக்கத்திலே நிக்கறவங்களைச் சொல்லச் சொல்லணும். ஆனா சிங்காரம் பேரைச் சொல்லலாமில்லே? அதுக்கு யாரும் தடை போடலையே. அதனாலே வாய் நிறையச் சொன்னேன். சிங்காரம் இல்லீங்க. சிங்காரம் வெளியே போயிருக்காருங்க. நாக்கிலே வெல்லம் வச்ச மாதிரி இருக்கும். அதுக்கு மேலே ஒண்ணுமில்லே, தப்பா எழுதிடாதே.

சௌந்தரம் அக்கா சும்மா இருப்பாளா?

"யாருடி அத்தாயி அந்தச் சிங்காரம்?"

"எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுவிட்ட தம்பிங்க்கா."

"நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே?"

"வருவாரு, போவாரு."

"என்ன வேலை?"

என்ன வேலைன்னு சொல்றது? தந்திரம் வெளியே போகக்கூடாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வாத்தியார் வேலைக்குப் படிச்சிருக்கார்னேன். அடுத்த தடவை, ஆள் எப்படி இருப்பான்னா. ஒல்லியா, மூக்குக்கண்ணாடி போட்டு, இஸ்திரி மடிப்புக் கலையாம வெள்ளைச் சட்டை போட்டிருப்பார்னேன். கிரீஸ் வாடையே ஆகாதுன்னேன். சத்தம் போட்டுப் பேச மாட்டார். தட்டிலே என்ன வச்சாலும் முகஞ்சுளிக்காமச் சாப்பிட்டு, சாப்பிட்ட தட்டை அவரே எடுத்து வச்சுடுவார். நான் பேசினா நடுவிலே எழுந்து போக மாட்டார், முழுசும் கேட்டுட்டு, "அப்புறம் என்ன ஆச்சு?"ன்னு கேப்பார். எல்லாம் அக்காளை நம்ப வைக்கத்தான் கண்ணு. பொய்யுன்னா அங்கம் அங்கமாச் சொல்லணும், இல்லேன்னா நிக்காது.

"இத்தனை போன் வருது, ஒரு நாளாவது வீட்டிலே இருக்க மாட்டேங்கறாரே மனுசன்," னா அக்கா.

"எங்க வீட்டு ஆம்பளைங்க அத்தனை பேரும் அப்படித்தாங்க்கா," ன்னேன்.

இப்படியே ரெண்டு மூணு சீசன் போச்சு. சிங்காரத்தைப் பார்த்ததாவே நாலு பேர் சொல்ல ஆரம்பிச்சாங்க. தறிக்காரப் பொன்னான் பஸ் ஸ்டாண்டிலே பார்த்தானாம். மூக்குக்கண்ணாடியாம், வெள்ளைச் சட்டையாம், கையிலே பூப் பொட்டலமாம். பூவை நான் சொல்லவே இல்லே பாரு. அது ஊர் வச்சது.

இது அப்படியே உருண்டுபோய் இன்னொரு ரிக் வண்டி ஆள் வாயாலே எங்க வீட்டுக்காரர் காதுக்குப் போயிருச்சு. ஆடியிலே வீட்டுக்கு வந்தார். வந்ததும் சிரிச்சார். "நம்ம வீட்டுக்கு எவனோ சிங்காரம்னு ஒருத்தன் வந்து போறானாம், கேட்டியா கதையை?" ன்னு தொடையைத் தட்டித் தட்டிச் சிரிச்சார். நானும் சிரிச்சேன். ராத்திரிச் சோத்துக்கு உட்கார்ந்தப்போ சிரிப்பு நின்னு போச்சு.

"ஏ புள்ளே. அவன் மூக்குக்கண்ணாடி போட்டிருப்பானாமே?"

"ஆமா."

"அதை நான் சொல்லலையே."

"நீங்க எங்கே சொன்னீங்க, நான்தான் சொன்னேன். அக்கா கேட்டா."

"நான் கொடுத்தது பேரு மட்டும். கண்ணாடி யாரு கொடுத்தது?"

"ஏனுங்க, பேரு மட்டும் இருந்தா ஆளுன்னு நம்புவாங்களா?"

"தட்டை எடுத்து வைப்பானாமே."

அவர் சாப்பிட்ட தட்டு அங்கேயே காய்ஞ்சுக்கிட்டுக் கிடந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எடுத்து வைப்பார்னு நினைக்கறயா? எழுந்து போய் வாசல்லே பீடி பத்த வச்சார்.

அந்த மழைக்காலம் பூரா இதே பாட்டு. சிங்காரம் என்ன சாப்பிடுவான், எதிலே உட்காருவான், எத்தனை உசரம், கோவப்படுவானா. கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன். எனக்கென்ன பயம், இல்லாத ஆளைப் பத்திச் சொல்றதுக்கு? அவர்தான் யோசனை பண்ணிப் பண்ணி இளைச்சுப் போனார். வண்டி கிளம்பற அன்னிக்குச் சொன்னார், "இனிமே சிங்காரம் வேண்டாம். முத்தக்கான்னு கேட்டுக் கூப்பிடறேன். பொம்பளைப் பேரு. அது போதும் உனக்கு."

நான் சரின்னும் சொல்லலே, மாட்டேன்னும் சொல்லலே.

போபாலிலேர்ந்து போன் வந்தது. "பி.பி. முத்தக்கா இருக்காங்களா?"

என்னமோ எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்தது. என்னைக் கேக்காம ஒருத்தரைக் கொண்டாந்தார், என்னைக் கேக்காம அவரை வெரட்டினார். இது என்ன ரிக் வண்டியா, அவர் இஷ்டத்துக்கு இறக்கி ஏத்தறதுக்கு? "முத்தக்கான்னு இங்கே யாரும் கிடையாதுங்க, ராங் நம்பர்," ன்னு சொல்லி வச்சுட்டேன். கோயிலும் இல்லே, ஆஸ்பத்திரியும் இல்லே. அந்தக் கோடியிலே இருமறதுக்குக்கூட நேரம் கொடுக்கலே.

பேசி வச்ச பாஷையிலே ராங் நம்பர்ங்கற வார்த்தையே கிடையாது. அவர் என்னன்னு எடுத்துக்குவார்? யாரோ செத்துப்போயிட்டாங்க, எனக்குச் சித்தம் கலங்கிப் போச்சுன்னு எடுத்துக்கிட்டார். வண்டியை ஹெல்பர்கிட்டே ஒப்படைச்சுட்டு, கிடைச்ச லாரியிலே தொத்தி, ரயிலிலே கக்கூஸ் பக்கம் நின்னு, சட்டையெல்லாம் கிரீஸோட வந்து நிக்கறார். நான் வாசல்லே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டிருக்கேன். பையன் மண்ணிலே விளையாடறான்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே."

"அப்புறம் எதுக்கு ராங் நம்பர்னே?"

"முத்தக்கா யாருன்னு எனக்குத் தெரியாது. தெரியாத ஆளுக்கு எப்படி நான் பதில் சொல்றது?"

"சிங்காரத்தைத் தெரியுமாக்கும்?"

"தெரியும்."

இதைத் தெருவிலே வச்சுச் சொன்னேன். சௌந்தரம் அக்கா சுவருக்கு மேலே தலை வச்சிருந்தா. எங்க வீட்டுக்காரருக்கு மூஞ்சி கறுத்துப் போச்சு. பக்கத்திலே வந்து அடிக்குரல்லே, மத்தவங்களுக்குக் கேக்காமச் சொன்னார்: "பேரு என்றது. ஒத்துக்கறேன். நான் விட்டுட்டுப் போன பேருக்குள்ளே எவனையோ கொண்டாந்து குடி வச்சிருக்கே. அவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்." அப்புறம் ஊருக்குக் கேக்கறாப்பிலே கத்தினார்: "வா, அறுபதாம் படிக்கு! வந்து சத்தியம் பண்ணு!"

நீ வெளியூரா கண்ணு? மலைக்கு ஏறற வழியிலே அறுபதாம் படின்னு இருக்கு. அதிலே நின்னு சூடம் ஏத்தி, அதைக் கையாலே அணைச்சுச் சத்தியம் பண்ணினா அதுக்கு மேலே பேச்சே கிடையாது. பொய்ச் சத்தியம் பண்ணினவன் விளங்க மாட்டான்னு எல்லாருக்கும் ஒரு நடுக்கம். வாய்க்கால் தகராறு, பங்காளிச் சண்டைக்குத்தான் ஆம்பளைங்க அங்கே ஏறுவாங்க. என்னை ஒரு போன் காலுக்காக ஏத்தினார்.

போனேன். நல்ல சேலை கட்டிக்கிட்டே போனேன். அவரோட பெரியப்பா சாட்சிக்கு வந்தார். சௌந்தரம் அக்கா வந்தா. துணைக்குன்னு தம்பி கனகுவையும் கூட்டிக்கிட்டு வந்திருந்தா. வேடிக்கைக்கு வந்த கூட்டம் வேற. படியிலே சூடத்தை வச்சு ஏத்தினாங்க. பெரியப்பா சொன்னார், "அம்மிணி, சிங்காரம்னு யாரும் என்ற வீட்டுக்கு வந்ததில்லே, அப்படி ஒருத்தன் இல்லவே இல்லேன்னு சொல்லிச் சூடத்தை அணைச்சுப் போடு. முடிஞ்சுது."

"சொல்றேனுங்க மாமா. ஆனா முதல்லே அவரு சொல்லட்டும்," ன்னேன்.

"அவன் என்னத்தைச் சொல்றது?"

"சிங்காரம்ங்கற பேரு முதல்லே யார் வாயிலேர்ந்து வந்தது, எதுக்காக வந்ததுன்னு. இந்தப் படியிலே நின்னு, எல்லாருக்கும் கேக்கறாப்பிலே. அவர் சொல்லி முடிச்ச அடுத்த நிமிசம் நான் அணைக்கறேன்."

கூட்டம் அவரைப் பார்த்தது. அவர் கனகுவைப் பார்த்தார். கனகு ஒண்ணும் தெரியாம வேர்க்கடலை தின்னுக்கிட்டு நிக்கறான். எங்க வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடியும் கனகுவைப் பார்த்தார். ஒரு வார்த்தை கண்ணு. "நான்தான்"னு ஒரே வார்த்தை. சொன்னா என்ன ஆகியிருக்கும்? மிஞ்சிப் போனா நாலு பேர் சிரிச்சிருப்பாங்க, சௌந்தரம் அக்கா போனைத் தொடாதேன்னிருப்பா. என் பேர் கழுவின பாத்திரமாட்டம் ஆகியிருக்கும். சூடம் எரிஞ்சுக்கிட்டே இருந்தது. கடைசியிலே தானே தீர்ந்து போச்சு.

"வெயில் ஏறுது, போலாம்," ன்னார்.

நான்தான் முதல்லே இறங்கினேன். ஒருத்தருக்காகவும் நிக்கலே.

நீ இப்போ மனசுக்குள்ளே நினைக்கறது எனக்குத் தெரியுது. நீங்களாவது உண்மையைப் போட்டு உடைச்சிருக்கலாமேன்னு. ஏன் உடைக்கணும்? பையன் தலைமேலே சத்தியம் வாங்கியிருக்கார், அது ஒண்ணு. இன்னொண்ணு, சிங்காரம் இல்லே, சிங்காரம் இல்லேன்னு வருஷக்கணக்கா நான் தெருவுக்கே கேக்கக் கத்தலையா? அதைத்தானே சொல்லிக்கிட்டே இருந்தேன்? அத்தனை தடவை சொன்னதை நம்பாதவங்க படியிலே சொன்னா மட்டும் நம்பிடுவாங்களா? அதுவும் போக, அப்படி ஒருத்தன் இல்லவே இல்லேன்னு சூடத்துக்கு முன்னாடி சொல்ல... என்னமோ எனக்கு வாய் வரலே. அதை விடு. அதை எழுத வேண்டாம்.

அவர் மறுநாளே போபாலுக்குக் கிளம்பிட்டார். அதுக்கப்புறம் போனே இல்லே. சிங்காரமும் இல்லே, முத்தக்காளும் இல்லே. எனக்கென்ன வந்துது? நிம்மதியா இருந்தேன். தெனம் சௌந்தரம் அக்கா வீட்டுக்குக் கறிவேப்பிலை பறிக்கப் போவேன், அவ்வளவுதான். எங்க வீட்டிலேயும் கறிவேப்பிலை மரம் இருந்தது, ஆனா அதிலே அவ்வளவு வாசம் இல்லே. காலையிலே ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் போவேன். அக்கா ஒரு நாள், "மரத்தையே பேர்த்து எடுத்துட்டுப் போயிடேன்," னு சொன்னா. ஊர் வாய் எதுவோ சொல்லிக்கிட்டிருந்தாலும் அவ என்னை வாசல்லே நிறுத்தலே, அதையும் சொல்லணும்.

அந்தச் சமயத்திலேதான் தெருவிலே ஒரு சேதி பரவுது. வடக்கே எங்கேயோ நம்ம ஊர் ரிக் ஒண்ணு, கம்பத்தைத் தூக்கி நிறுத்தறப்போ மேலே கரண்டுக் கம்பியிலே பட்டு, ரெண்டு பேர் அங்கேயே போயிட்டாங்களாம். எந்த வண்டி, எந்த ஆளுன்னு சரியாத் தெரியலே. வண்டி முதலாளி வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டா, ஏன் அத்தாயி, உன்ற புருசன் உனக்குப் போன் பண்ணலையான்னு கேப்பாங்க. நான் போகலே. போக மாட்டேன். சோறு வடிச்சேன், பையனுக்கு ஊட்டினேன், கறிவேப்பிலைக்குப் போனேன். அக்கா வீட்டுப் போனைத் தொடச்சேன். தூசி படிஞ்சிருந்தது, அதனாலே.

பையனுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருக்கறப்போ சுவருக்கு மேலேர்ந்து குரல். "அத்தாயி! போன்! ஓடியாடி!"

"சிங்காரத்துக்கா அக்கா?"

"இல்லேடி. உன்னைக் கேக்கறாங்க. உன் பேரையே சொல்றாங்க!"

எனக்குப் புரியலே. ஈரக் கையோட போய் எடுத்தேன். ஆபரேட்டரம்மா கேக்கறாங்க: "போபாலிலேர்ந்து பி.பி. கால். அத்தாயிங்கறவங்க இருக்காங்களா?"

பழக்கதோஷம், இல்லீங்கன்னு சொல்லத்தான் நாக்கு எழுந்தது. முழுங்கிக்கிட்டேன். ஏ புள்ளேன்னுதான் அவர் கூப்பிடுவார், கல்யாணத்திலேர்ந்து அப்படித்தான். ஒரு டெலிபோன் ஆபீஸ் ஜன்னல்லே நின்னு, பாஷை தெரியாத ஊர்லே, என் பேரை அந்த மனுசன் வாயாலே சொல்லி எழுத வச்சிருக்கார். அப்போ முழுக் காசும் கொடுக்கறதுன்னு துணிஞ்சுதான் சொல்லியிருக்கார். கரண்டுக் கம்பி கிரண்டுக் கம்பியெல்லாம் அப்பவே என் தலையிலேர்ந்து இறங்கிப் போச்சு.

"இருக்கேன்," னேன்.

"சத்தமாச் சொல்லுங்கம்மா."

"இருக்கேனுங்க!"

"பேசுங்க," ன்னாங்க.

என்னத்தைப் பேசறது? இத்தனை வருஷமா இல்லேன்னு சொல்லித்தான் பழக்கம். இருக்கேன்னு சொன்னதுக்கு அப்புறம் என்ன சொல்லணும்னு எனக்கும் தெரியலே, அவருக்கும் தெரியலே. கொர்ருன்னு இரைச்சல். காசு ஓடிக்கிட்டிருக்கு. ஒரு இருமல் கேட்டுது. நானும் இருமினேன். சௌந்தரம் அக்கா கண்ணைச் சிமிட்டாமப் பக்கத்திலேயே நிக்கறா. சாப்பிட உட்கார்ந்திருந்த கனகு சோத்திலே கையை வச்சுக்கிட்டு என்னையே பார்க்கறான்.

அப்புறம் அவர்தான் ஆரம்பிச்சார்.

"சிங்காரம் எப்படி இருக்கான்?"

நான் அக்காளைப் பார்த்தேன். பார்த்துக்கிட்டே சொன்னேன்: "நல்லா இருக்காரு."

"வெளியே போயிருக்கானா?"

"எங்கேயும் போகலே. வீட்டிலேதான் இருக்காரு." அக்கா வாயிலே கையை வச்சுக்கிட்டா. வச்சுக்கட்டும்.

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன. கோவமா இருக்காரு."

"அவனுக்குக் கோவமே வராதுன்னு சொன்னே."

"வந்துருச்சு. படியிலேர்ந்து இறங்கினப்பவே வந்துருச்சு."

இரைச்சல். லைன் போச்சுன்னு நினைச்சேன். போகலே.

"நான் அன்னிக்குச் சொல்லியிருக்கணும்னு சொல்றானா?"

"அவரு ஒண்ணும் சொல்லலே. அவரு சத்தம் போட்டுப் பேசற ஆளில்லே."

"ம். நான்தான் சத்தம் போடுவேன்."

"ஆமா. நீங்கதான்."

"கண்ணாடி இன்னும் போட்டிருக்கானா?"

"போட்டிருக்காரு. அதையெல்லாம் மாத்த முடியாது."

சிரிச்சார்னு நினைக்கறேன். சரியாக் கேக்கலே. இருமலாக்கூட இருக்கும். "கரண்டுலே பட்டது நம்ம வண்டியில்லே. சேதி வந்திருந்தா நீ பயந்திருப்பேன்னுதான்..." ன்னு இழுத்தார்.

"எனக்கென்ன பயம்? சிங்காரம்தான் ரெண்டு நாளாச் சாப்பிடலே," ன்னேன்.

அதுக்கு ஒரு இருமல் இருமினார். நான் ரிசீவரைக் காதிலேர்ந்து எடுக்கலே.

நடுவிலே ஆபரேட்டரம்மா வந்தாங்க. மூணு நிமிசம் முடிஞ்சா அப்படித்தான் வருவாங்க. "மூணு நிமிசம் ஆச்சு. நீட்டணுமா?"

அந்தப் பக்கம் மனுசன் கணக்குப் போட்டுக்கிட்டு நிக்கறார். எனக்குத் தெரியாதா? பையிலே எவ்வளவு இருக்கு, இனி ஒரு மூணு நிமிசத்துக்கு எவ்வளவு ஆகும்னு விரலை மடக்கிக்கிட்டு நிக்கறார். கேக்க வேண்டியது அவரை. காசு கட்டறது அவர். ஆனா நான்தான் சொன்னேன், போபாலுக்கே கேக்கறாப்பிலே:

"நீட்டுங்க!"

என்ன கண்ணு அப்படிப் பார்க்கறே? பாசமும் இல்லே, ஒண்ணும் இல்லே. அவருக்குச் செலவு வைக்கணும்னுதான். படியிலே வாயைத் திறக்காத மனுசனுக்கு அந்தச் செலவாவது ஆகட்டும்னுதான். அப்படியே எழுது, என் பேரைப் போட்டு எழுது. அடுத்த மூணு நிமிசமும் முடிஞ்சு அந்தம்மா திரும்ப வந்து கேட்டாங்க. அப்பவும் நீட்டுங்கன்னேன்.